முதல் நாற்காலி மறியல்

தோழர் நெடுஞ்செழியனுக்கு அவருடைய மனைவி வசந்தாமணி இழைத்த அநீதிகள், நடந்த வரிசை மாறாமல் பின்வருமாறு.

முதலாவது: இருவரும் ஓய்வு பெற்று, கோயம்புத்தூரை விட்டு, சான் ரமோனில் மகள் வான்மதி வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், மகள் அம்மாவுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். அப்பாவுக்கு ஒரு கம்பளிக் குல்லாய். யாருடைய கருத்தும் கேட்கப்படவில்லை. குறிப்பாக, கேட்கப்பட வேண்டியவருடைய கருத்து.

இரண்டாவது: வகுப்புக்குப் போன வசந்தாமணி எலும்பு எதுவும் முறியாமல் திரும்பி வந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று தொடங்கும் ஆறுதல் உரை ஒன்றை நெடுஞ்செழியன் தயாரித்து வைத்திருந்தார். அந்த உரை இன்றுவரை அரங்கேறவில்லை.

மூன்றாவது: அடுத்த ஆண்டு சொந்தமாகச் சறுக்குக் கட்டைகள் வாங்கினார். அவை நிற்பதற்கு கராஜ் சுவர் தேவைப்பட்டது. அந்தச் சுவரோரம் இருந்தவை, ஒரு முழுப் பெட்டி எடைக்குத் துணிமணியைத் தியாகம் செய்து நெடுஞ்செழியன் விமானத்தில் கொண்டுவந்த துண்டறிக்கைக் கட்டுகள். பஞ்சாலைத் தொழிலாளர் வரலாறு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போயிற்று.

நான்காவது: பனிச் சாலையில் கார் ஓட்டவும், சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டவும் கற்றுக்கொண்டார். சிங்காநல்லூரில் சைக்கிள் செயின் கழன்றால் கணவர் வரும்வரை தெருவோரம் நின்ற பெண்மணி இவர்.

ஐந்தாவது: "எங்க மலை" என்று சொல்ல ஆரம்பித்தார். அத்தனை வருடக் குடித்தனத்தில் "எங்க வீடு" என்பதை அந்தக் குரலில் அவர் சொன்னதில்லை.

ஆறாவது, மன்னிக்கவே முடியாதது: இந்த அக்டோபரில், சாப்பாட்டு மேஜையில் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வசந்தாமணி பரிமாறிய ரசத்தில் உப்பு இல்லை.

"ஏனுங்க, மேல மெஷின் வெச்சுப் பனி தூவ ஆரம்பிச்சுட்டாங்களாமா."

"ரசத்துல உப்பு இல்லை."

"இப்போதைக்கு ஒரே ஒரு பாதைதான் தொறப்பாங்களாம். ரெண்டு பக்கமும் கல்லு, காஞ்ச புல்லு. நடுவுல வெள்ளையா ஒரு கோடு. அம்புட்டுத்தான்."

"ரசத்துல..."

"போன வருசம் மாதிரி ரெண்டாவது நாற்காலியெல்லாம் கிடையாதுங். இந்த வருசம் மொத நாற்காலி எனக்குத்தானுங்."

நாற்காலி விவரம் இதுதான். தாஹோ ஏரிக்கு மேலே அந்த மலையில், ஆட்களை உச்சிக்குத் தூக்கிப் போகும் கம்பி லிஃப்ட் ஒன்று உண்டு. இரண்டிரண்டு பேர் உட்காரும் பழைய நாற்காலிகள். பருவத்தின் முதல் நாள், முதல் நாற்காலியில் ஏறுகிறவர்களுக்கு அங்கே பெரிய மரியாதை. மணி அடிப்பார்கள். மைக்கில் பெயர் சொல்வார்கள். அதற்காகத் தாடி வளர்த்த இளைஞர்கள் விடியும் முன்பே வந்து காத்துக் கிடப்பார்கள். போன வருடம் இரண்டு தாடிகள் வசந்தாமணியை முந்திவிட்டன. அந்தக் காயத்தை அவர் வெளியே காட்டவில்லை. ஆனால் கோடைகாலம் முழுக்க, கடையில் தாடி வைத்தவன் எதிரே வந்தால் கொஞ்சம் முறைத்தார்.

நெடுஞ்செழியன் ரசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"வசந்தா, இந்த வருசம் நீ மலைக்குப் போகக் கூடாது."

"ஏனுங்?"

"வீட்டுல ஆள் வேணும்."

"எதுக்குங்?"

நெடுஞ்செழியன் தள்ளி வைத்த கிண்ணத்தை மறுபடி இழுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் பஞ்சாலை நிர்வாகத்தின் முன்னால் கோரிக்கைகளை மூச்சு விடாமல் அடுக்கியவர் அவர். வென்ற போராட்டங்களின் மாலைகள் வேறு கழுத்துகளுக்குப் போயின. தோற்றவற்றின் லத்திகள் தவறாமல் இவர் முதுகுக்கு வந்தன. அப்போதெல்லாம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இப்போது இருந்தது ஒரே ஒரு கோரிக்கை. அதை எழுத்தில் வடிக்க முடியவில்லை.

சான் ரமோனில் வார நாள் பகல் எப்படி இருக்கும் என்பது, அங்கே பிள்ளைகள் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். மகளும் மருமகனும் ஆபீஸ் போய்விடுவார்கள். தெருவில் ஆள் இருக்காது. யாரோ தோட்டக்காரர் இலை ஊதும் இயந்திரம் ஒன்றுதான் பேசும். மற்ற மாதங்களில் அந்தப் பகலில் வசந்தாமணி இருந்தார். வாதம் செய்ய ஆள் இருந்தது. நவம்பர் பிறந்தால் வாரத்தில் பாதி நாள் அவர் மலையில். ஓய்வு பெற்றவர்களுக்கு வார நாள்தான் தோதாம், கூட்டம் இருக்காதாம். அந்த நாட்களில் நெடுஞ்செழியன் சன்னலோரம் உட்கார்ந்து, அஞ்சல்காரருடைய வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பார். பகல் நகர மறுக்கும். நீ இல்லாமல் பொழுது போகவில்லை என்று எந்தத் தொழிற்சங்கத் தலைவர் எதிர்த்தரப்பிடம் சொல்லியிருக்கிறார்?

ஆகவே போராட்டம்தான்.

முதலில் ஒத்துழையாமை. இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் வசந்தாமணி, ஆபீஸில் இருந்த மகளிடம் போனில், "அப்பாவுக்கு என்னவோ தெரியல கண்ணு, வீடு நல்லா அமைதியா இருக்குது" என்று மகிழ்ச்சியோடு சொல்வது காதில் விழுந்தது. ஒத்துழையாமை வாபஸ் பெறப்பட்டது.

பிறகு உண்ணாவிரதம். "ரொம்ப நல்லதுங். சுகர் கொறையுமுன்னு டாக்டரே சொன்னாரு" என்றார் வசந்தாமணி. அன்று மாலை சமையலறையிலிருந்து பச்சைப்பயறு கடையல் வாசனை வந்தது. அது திட்டமிட்ட ஆத்திரமூட்டல் என்று நெடுஞ்செழியன் கண்டித்தார். கண்டித்தது இரண்டாம் கரண்டி போட்டுக்கொண்ட பிறகு.

கடைசி ஆயுதம் ஒன்று பாக்கி இருந்தது. அவர் மேஜையைத் தட்டி அறிவித்தார்.

"மறியல்!"

"எங்கீங்க?"

"மலையில. லிஃப்ட் வாசல்ல. தொறக்கற அன்னைக்கே, வரிசைக்கு முன்னால போய் நிப்பேன். என்னைத் தாண்டி நீ ஏறு, பாக்கலாம்."

வசந்தாமணி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முகத்தில் கவலை தெரிந்தது. எதிரியின் முகத்தில் கவலையைப் பார்த்து நெடுஞ்செழியனுக்கு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. உடம்பே சிலிர்த்தது.

"வேண்டாமுங். அங்க மொத ஆளா நிக்கறது லேசுப்பட்ட காரியமில்லை. தாடிக்காரப் பசங்க இருட்டுலயே வந்துருவாங்க. உங்களால முடியாதுங்."

"என்னால முடியாதா?"

"குளுருங்க."

"மார்கழி மாசத்துல மில் கேட்டு வாசல்ல ராத்திரி பகலா நின்னவன் நான்."

"அது கோயமுத்தூருப் பனிங்க. தலையில துண்டு போட்டாப் போயிரும். இங்க மூக்கே வெறைச்சுரும். தள்ளிட்டு முன்னால போயிருவானுங்க அந்தப் பசங்க."

"போலீஸ் தள்ளியே நகராதவன் அம்மிணி நான்! ஒரு தாடி தள்ளி நகருவனா?"

"என்னமோ போங்க. சொன்னாக் கேக்க மாட்டீங்க." வசந்தாமணி பெருமூச்சு விட்டார். "அதுசரி, மலைக்கு எப்படிப் போவீங்க?"

இந்த நடைமுறைச் சிக்கலைப் போராட்டக் குழு யோசித்திருக்கவில்லை. போராட்டக் குழுவுக்குப் பனியில் கார் ஓட்டத் தெரியாது.

"நீதான் கூட்டிட்டுப் போகணும்."

"சரிங்க" என்றார் வசந்தாமணி.

உள்ளே போய், ஒரு தடித்த ஜாக்கெட்டும் கணுக்கால் வரை ஏறும் ஒரு ஜோடி பனி பூட்ஸும் கொண்டுவந்து வைத்தார். எதிரி தரும் ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பது இயக்கத்தில் முதல் பாடம். ஆனால் பூட்ஸ் காலுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. உள்ளே கம்பளி வேறு. நெடுஞ்செழியன் அதைப் பறிமுதல் செய்யப்பட்ட பொருளாகக் கருதி ஏற்றுக்கொண்டார்.

மறியலுக்கு ஆள் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை பூங்காவில், அன்றாடம் கூட நடக்கும் மரிய அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னார். மரிய அந்தோணி நாகர்கோவில்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மகன் வீட்டுக்கு வந்தவர்.

"உங்க ஆதரவு வேணும் அந்தோணி சார். இன்னைக்கு என் வீடு, நாளைக்கு உங்க வீடு."

"நாளைக்கு இல்ல, நேத்தே வந்தாச்சு" என்றார் மரிய அந்தோணி. "என் வீட்டுக்காரி கிருபா போன வாரமே உங்க வீட்டம்மா கூட அந்தச் சறுக்குக் கிளாஸுக்குப் பேரு குடுத்துட்டா."

"நீங்க தடுக்கலையா?"

"தடுத்தேன், பாத்துக்கிடுங்க. எனக்கும் சேத்துப் பேரு குடுத்திருவேன்னு சொல்லிட்டா. அதோட நான் வாயத் தொறக்கல. நீங்களும் பேசாம இருந்திருங்க. இல்லன்னா உள்ளதும் போயிரும்."

இப்படிப்பட்ட ஆட்களால்தான் எத்தனையோ வேலைநிறுத்தங்கள் பாதியில் முறிந்தன. நெடுஞ்செழியன் அவரை மனதுக்குள் கருங்காலி என்று பதிவு செய்துகொண்டு, தனியாக மறியலுக்குத் தயாரானார். அரிசிப் பையைக் கொண்டுவந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, தடித்த எழுத்தில், "பனிச்சறுக்கு ஒழிக! குடும்பம் வாழ்க!" என்று எழுதினார். எழுத்து இன்னும் கம்பீரமாகத்தான் இருந்தது. வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு, மழை படாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கொடுத்தார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் இருவரும் புறப்பட்டார்கள். மறியலை ஓட்டிச் சென்றவர் மறிக்கப்பட வேண்டியவர். வழியில் புளிசாதம். மலையடிவாரத்தில் ஒரு சிறிய விடுதியில் தங்கினார்கள்.

கிழக்கு வெளுக்கும் முன்பே நெடுஞ்செழியன் லிஃப்ட் வாசலுக்குப் போய்விட்டார். வசந்தாமணி போர்வைக்குள்ளிருந்து, "ஃபிளாஸ்க்குல சுக்குக் காப்பி இருக்குதுங்" என்று மட்டும் சொன்னார். எதிர்த்தரப்பு உணவு கூடாது. ஆனால் சுக்கு மருந்துதான். எடுத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதற்கு முன்னால் யாரும் இல்லை. நெடுஞ்செழியன் கயிற்றை ஒட்டிக் காலை அகட்டி நின்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டு தாடிகள் தோளில் கட்டைகளோடு ஓடி வந்தன. கயிற்றோரம் ஒரு கிழவர், தலையில் கம்பளிக் குல்லாய், கையில் புரியாத மொழியில் ஓர் அட்டை. தாடிகள் திகைத்து நின்றன.

உயரமான தாடி மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து பார்த்தது. நெடுஞ்செழியன் இடப்பக்கம் நகர்ந்தார். அது வலப்பக்கம் வந்தது. இவரும் வந்தார். மில் வாசலில் லாரிகளை மறித்த உடம்பு. எந்தப் பக்கம் இடைவெளி விழும் என்று அதற்குத் தானாகத் தெரியும்.

"சார், எப்ப வந்தீங்க?" என்று தாடி ஆங்கிலத்தில் கேட்டது.

"பிஃபோர் யூ" என்றார் நெடுஞ்செழியன்.

தாடி கையை நெஞ்சில் வைத்துத் தலை வணங்கியது. பின்னால் போய் நின்றுகொண்டது. அந்த வயதில் இவ்வளவு ஒழுங்கு தன் தொண்டர்களிடம்கூட இருந்ததில்லை என்று நெடுஞ்செழியன் எண்ணிக்கொண்டார்.

வெளிச்சம் வர வர வரிசை நீண்டது. யாரோ வாழைப்பழ வேடம் போட்டு வந்திருந்தார்கள். யாரோ டிரம் கொண்டுவந்திருந்தார்கள். நெடுஞ்செழியனுடைய வயதுக்காரர்களே ஏராளம். வெள்ளை முடியும் சிவந்த கன்னமுமாக, பள்ளி திறக்கும் நாளின் பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் கொண்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குள் பழைய வெப்பம் ஏறியது. அட்டையை உயர்த்தினார்.

"பனிச்சறுக்கு!" என்று முழங்கிவிட்டு, பதில் சொல்ல ஆள் இல்லாததால், "ஒழிக!" என்று தானே சேர்த்தார்.

டிரம்காரன் இரண்டு தட்டுத் தட்டினான்.

"பனிச்சறுக்கு!"

"ஒளிகா!" என்றது கூட்டம், முஷ்டியை உயர்த்தி, மலையே அதிரும்படி.

நெடுஞ்செழியன் அட்டையை இன்னும் உயர்த்தினார். மில் மூடிய பிறகு இப்படி ஒரு பதில் முழக்கத்தை அவர் கேட்டதே இல்லை. மீண்டும் முழங்கினார். அவர்களும் முழங்கினார்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முழங்கினார். பனிச்சறுக்குக்கு வந்திருந்த அத்தனை பேரும் பனிச்சறுக்கு ஒழிய வேண்டும் என்று ஒரே குரலில் கோரினார்கள்.

நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, கொண்டுவந்த இட்லியைச் சாப்பிட்டு, தோளில் கட்டைகளோடு வசந்தாமணி அப்போதுதான் வந்து சேர்ந்தார். நீல நிற உடுப்பு. தலைக்கவசத்துக்கு அடியில் சின்னப் பொட்டு. வரிசையை ஒட்டி நேராக முன்னால் வந்தார்.

"மேடம், வரிசை பின்னால இருக்கு" என்றது உயரமான தாடி.

"இவர் என் ஹஸ்பெண்ட்" என்றார் வசந்தாமணி.

தாடியின் கண்கள் விரிந்தன. அது பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னது: இந்த மனிதர் இருட்டிலிருந்து இந்தக் குளிரில் மனைவிக்காக இடம் பிடித்து நின்றிருக்கிறார்! வரிசை முழுக்க ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. பெண்கள் தங்கள் கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கைத்தட்டல் அலை அலையாக வந்தது.

"நான் இடம் பிடிக்கலை!" என்று கத்தினார் நெடுஞ்செழியன். "தடுக்கறேன்! இவளைத் தடுக்கறேன்!"

"என்ன சொல்றாரு?" என்று வாழைப்பழம் கேட்டது.

"எல்லாருக்கும் நல்ல பருவமா அமையட்டும்னு வாழ்த்தறாரு" என்று வசந்தாமணி ஆங்கிலத்தில் அறிவித்தார்.

மறுபடியும் கைத்தட்டல்.

நெடுஞ்செழியன் குரலைத் தாழ்த்தினார். "வசந்தா, நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

"நகராதீங்க. நானும் பக்கத்துலயே நிக்கறேன்."

அப்போதுதான் அவருக்கு நிலைமையின் முழு வடிவம் புலப்பட்டது. வரிசையை விட்டு விலகினால் மறியல் தோற்றது. விலகாவிட்டால் வசந்தாமணிக்கு முதல் இடம். இப்படி ஒரு பொறியை எந்த மில் நிர்வாகமும், அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த எந்த வக்கீலும், அவருக்கு வைத்ததில்லை.

கயிற்றை அவிழ்த்தார்கள். மேலே சக்கரம் சுழலத் தொடங்கியது. இனி ஒரே வழிதான்.

"உட்காந்துருவேன்! வழியில உட்காந்துருவேன்! ஒருத்தரும் ஏற முடியாது!"

"உட்காருங்க" என்றார் வசந்தாமணி. "ஆனா இங்க உட்காந்தா சுத்திப் போயிருவாங்க. அதோ, அந்த செவப்புக் கோடு இருக்குது பாருங்க, அங்க போய் உட்காந்தீங்கன்னா யாராலயும் தாண்ட முடியாதுங்."

எதிரியின் ஆலோசனைதான். ஆனால் போர்த்தந்திரப்படி சரியான ஆலோசனை. நெடுஞ்செழியன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, விடுவிடுவென்று சிவப்புக் கோட்டுக்குப் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பாமல், மலையை நோக்கியபடி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இருந்தது. பின்னாலிருந்து வந்து, மெதுவாக, மரியாதையாக அவரை ஏந்திக்கொண்டது. பக்கத்தில் வசந்தாமணி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கம்பி இறங்கியது. தரை விலகியது. தொழிலாளர் இயக்க வரலாற்றில் முதன்முறையாக ஓர் உட்கார்ந்த போராட்டம் மேலே கிளம்பிப் போயிற்று.

கீழே மணி அடித்தார்கள். கட்டை இல்லாமல் வருகிறவர்களையும் இப்படி உச்சிவரை கூட்டிப்போய் அதே நாற்காலியில் கீழே கொண்டுவந்து விடும் வழக்கம் அந்த மலையில் உண்டு. வசந்தாமணி அதற்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

கொஞ்ச தூரம் வரை நெடுஞ்செழியன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். தவிட்டு நிற மலை. கல்லும் காய்ந்த புல்லும். அதன் நடுவே, யாரோ தும்பைப்பூ வேட்டியை உதறி விரித்த மாதிரி, ஒரே ஒரு வெள்ளைப் பாதை. பக்கத்தில் பைன் மரங்கள். தூரத்தில் ஏரி, அந்த நீலத்துக்கு அவருக்குத் தெரிந்த எந்தக் கொடியிலும் இடமில்லை. காற்றில் சத்தமே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர் மாதிரி.

"நல்லா இருக்குதுங்களா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"இந்த பூட்ஸ் எப்ப வாங்கின?"

"செப்டம்பர்லீங்க."

"நான் மறியல்னு சொன்னது அக்டோபர்ல."

"ஆமாங்க."

நாற்காலி ஒரு தூணைக் கடந்தது. லேசாகக் குலுங்கியது.

"விடியக்காலம் நின்னா எனக்கு முட்டி புடிச்சுக்குதுங்க" என்றார் வசந்தாமணி. "போன வருசம் அதனாலதான் கோட்டை விட்டேன். யாரு தள்ளினாலும் நகராத ஆளு ஒருத்தர் வேணுமுன்னு கோடையெல்லாம் யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சு இந்த ஒலகத்துல ஒருத்தர்தான். நேரா வந்து நில்லுங்கன்னு கேட்டா நிப்பீங்களா? வேண்டாம்னு சொன்னாத்தான நிப்பீங்க."

இது வசையா, பாராட்டா? எத்தனையோ மேடைகளில் பொன்னாடை பிறர் தோளுக்குப் போனதைப் பார்த்தவர். தன் தோளில் எதுவும் இந்த அளவுக்குக் கனமாக விழுந்ததில்லை. நெடுஞ்செழியன் ஏரியைப் பார்த்தபடி சொன்னார்:

"பகல்ல வீடு ரொம்ப... சத்தமே இல்லாம இருக்கு வசந்தா."

அவ்வளவுதான். கோரிக்கை வெளியே வந்துவிட்டது.

"தெரியுமுங்" என்றார் வசந்தாமணி. "இனிமே வாரா வாரம் நீங்களும் வாங்க. நான் சறுக்கறப்ப நீங்க கீழ லாட்ஜுல உட்காந்துக்கலாம். இங்க லிஃப்ட் ஓட்டற பசங்க சங்கம் வெக்கலாமான்னு பேசிக்கறாங்க. எப்படி ஆரம்பிக்கறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல, பாவம்."

நெடுஞ்செழியன் விருட்டென்று திரும்பினார். நாற்காலி ஆடியது.

"எத்தனை பேரு?"

"எனக்கென்னங்க தெரியும்? நீங்களே கேளுங்க."

"ஒரு துண்டறிக்கை அடிக்கணும். மொதல்ல ஒரு கூட்டம். இந்த பசங்களுக்குக் குளிருக்குக் கையுறை ஒழுங்காக் குடுக்கறாங்களா பாத்தியா?"

"ஆடாதீங்க, எறங்கற எடம் வந்துருச்சு."

உச்சியில் வசந்தாமணி கம்பியைத் தூக்கிவிட்டு, நின்றதும் தெரியாமல் நாற்காலியிலிருந்து நழுவி இறங்கினார். நெடுஞ்செழியன் அதிலேயே உட்கார்ந்திருக்க, நாற்காலி பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பியது. அப்போது அவர் பார்த்தார்.

அத்தனை வருடத்தில் மனைவி சறுக்குவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மகள் அனுப்பும் வீடியோவையும் கொள்கை காரணமாகத் திறந்ததில்லை.

மேலே அந்த வெள்ளைப் பாதையில் இன்னும் ஒரு கோடும் விழவில்லை. நீல உடுப்பு ஒன்று அதன் தலைமாட்டில் நின்று, கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டது. பிறகு கிளம்பியது. அவசரம் இல்லை. இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு. கல் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சின்னத் திருப்பம், சந்தையில் தெரிந்தவருக்கு வழிவிடுவது போல. பின்னாலேயே மேலேறி வந்த தாடிகள் தங்கள் நாற்காலியிலிருந்து விசில் அடித்தன. முட்டி வலிக்கிறது என்று மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கும் அதே கால்கள். கட்டை கட்டியதும் அவற்றுக்கு வயதே இல்லை. காற்றில் ஒரு மெல்லிய சரசரப்பு மட்டும் அவரைக் கடந்து கீழே போயிற்று. அதற்குள் வசந்தாமணி ஒரு கையைத் தூக்கி அவருக்கு ஆட்டிவிட்டார்.

"பாத்துப் போ அம்மிணி!" என்று கத்தினார். பிறகு, யாரும் பக்கத்தில் இல்லாததை உறுதி செய்துகொண்டு, "அடேங்கப்பா" என்றார்.

அட்டை கையில்தான் இருந்தது. அதன் வாசகத்தை மறுபரிசீலனை செய்யச் செயற்குழு கூட வேண்டும் என்று தோன்றியது. இப்போதைக்கு எழுத்து உள்பக்கம் இருக்கும்படித் திருப்பி வைத்துக்கொண்டார்.

நாற்காலி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே மேலேறிப் போனவர்கள் ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து முஷ்டியை உயர்த்தி, "ஒளிகா!" என்று அன்போடு வணங்கினார்கள். அவரும் வணங்கினார். கீழே வரிசை இன்னும் நீண்டு நின்றது. வசந்தாமணி எப்போதோ போய்ச் சேர்ந்து, மைக் பிடித்த ஒரு பெண்ணின் பக்கத்தில் சிரித்தபடி நின்றார். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். வசந்தாமணி அவள் காதில் சொன்னார். பிறகு மேலே, நாற்காலியைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு முறை முயன்றாள். தலையை ஆட்டிக்கொண்டாள்.

நெடுஞ்செழியன் குல்லாயைச் சரி செய்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால், ஒலிபெருக்கியில், அவர் பெயர். எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லைதான். வரலாறு காரணத்தை மறந்துவிடும், பெயரை வைத்துக்கொள்ளும். வலது முஷ்டி தானாக உயர்ந்தது.

ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்தது. கூட்டம் அமைதியானது.

இந்தப் பருவத்தின் முதல் நாற்காலி என்று அந்தப் பெண் தொடங்கினாள். முதல் தடத்தைப் போட்டு இறங்கியவர், வசந்தாமணி! டிரம் முழங்கியது. தொப்பிகள் பறந்தன. அவள் கையை உயர்த்தி நாற்காலியைக் காட்டினாள். அத்தனை முகங்களும் ஒன்றாக மேலே திரும்பின.

"அதோ வருகிறார், அவருக்காக விடிய விடிய இடம் பிடித்து நின்றவர்: மிஸ்டர் வசந்தாமணி!"